கை மேடம்

லிஃப்ட் கதவு மூடத் தொடங்குகிறது. இரண்டு பலகைகளுக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி மிஞ்சும்வரை பொறுத்திருந்து, அதற்குள் தன் வலக்கையை நீட்டுகிறார் மேடம். கதவு திடுக்கிட்டதுபோல் நின்று விலகிக்கொள்கிறது. "ம்" என்கிறார். மறுபடி மூட விடுகிறார். இந்த முறை முழங்கால் உயரத்தில் குடையின் நுனி. கதவு விலகுகிறது. "ம்." அடுத்து கணுக்கால் உயரத்தில் காலணியின் முனை. உள்ளே காய்கறிப் பையோடு நிற்கும் நாலாம் மாடி ஆசிரியை கண்களை மூடிக்கொள்கிறார். பயத்தால் அல்ல, அலுப்பால்.

"இன்னைக்கும் வேலை செய்யுதா மேடம்?"

"செய்யுது."

"நேத்தும் செஞ்சுதே."

"நேத்து இருந்த மாதிரியே இன்னைக்கும் இருப்பார்னு உங்க வீட்டுக்காரரை நம்புறீங்களா?"

ஆசிரியை சற்று யோசிக்கிறார். "இல்லை."

"அப்புறம் இரும்புக் கதவை மட்டும் எப்படி நம்பச் சொல்றீங்க?"

எழுபத்தொன்பது வயதான இந்த அம்மாளைக் கடைகளிலும் மருத்துவமனைகளிலும் காவலாளிகள் அதட்டியிருக்கிறார்கள். ஒரு பெரிய விடுதியில், லிஃப்டைக் கெடுக்க வந்தவர் என்று எண்ணி ஓரமாக உட்காரவைத்துவிட்டார்கள். கதவுக்குக் கண் கொடுத்தவரே அவர்தான் என்று யாரும் சொல்லவில்லை. அவரும் சொல்லவில்லை. "சொன்னா காபி குடுத்து உக்கார வைப்பாங்க. அப்ப அடுத்த லிஃப்டைப் பாக்க விடமாட்டாங்க" என்றார். லிஃப்ட் பொருத்தும் தொழிலாளர்கள் அவருக்கு வைத்த பெயர் 'கை மேடம்'. அந்தப் பெயர் அவருக்குப் பிடிக்கும். மற்ற பட்டங்களில் பெரும்பாலானவை பிடிக்காது.

நாங்கள் இருவரும் ஒரே தொழிற்சாலையில் வேலை பார்த்தோம். அவர் வடிவமைப்பில் இருந்தார். நான் சோதனை முடிவுகளை எழுதி வைக்கும் பிரிவில் இருந்தேன். இப்போது ஒரே கட்டடத்தில் அவர் இரண்டாம் மாடி, நான் மூன்றாம் மாடி. ஆகவே இதில் பெரும்பகுதி நான் பார்த்தது. கேள்விப்பட்டதைக் கேள்விப்பட்டது என்றே சொல்லிவிடுகிறேன்.

அவர் மாமாவின் ரேடியோ பழுதுபார்க்கும் கடையில் பள்ளி விடுமுறைகளில் ஈயம் பற்றவைக்கப் பழகியவர் என்பது கேள்விப்பட்டது. பொறியியல் படித்து எங்கள் தொழிற்சாலையின் வடிவமைப்புப் பிரிவுக்கு வந்த முதல் பெண் அவர் என்பது பார்த்தது. அறைக்குள் அவருக்கு இடமில்லை என்று கைவிரித்துவிட்டார்கள். மேசையை நடைவழியில், லிஃப்டுக்கு நேர் எதிரே போட்டார்கள். அவமானப்படுத்தத்தான் அப்படிச் செய்தார்கள் என்று இன்றும் பலர் நினைக்கிறார்கள். அவரைக் கேட்டால், "சினிமாக் கொட்டகையில முதல் வரிசை டிக்கெட் குடுத்தாங்க" என்பார்.

அந்த முதல் வரிசையிலிருந்து அவர் பார்த்தது, கதவு மனிதரை அடிப்பதை. அந்தக் காலத்துக் கதவின் விளிம்பில் ஒரு ரப்பர் பட்டை இருக்கும். ஆள்மேல் இடித்து அந்தப் பட்டை அமுங்கினால்தான், நடுவில் ஆள் இருப்பதே கதவுக்குத் தெரியும். "அடிச்சுட்டு மன்னிப்பு கேக்குற கதவு" என்பார். தலைமைக் கணக்கர் பருத்த உடம்புக்காரர். எப்போதும் ஏதாவது படித்துக்கொண்டே நடப்பார். தினமும் அடி வாங்குவார், தினமும் கதவிடமே "சாரி" என்பார். அவருக்காகத்தான் கதவுக்கான கண்ணைக் கண்டுபிடித்ததாக மேடம் ஒரு கூட்டத்தில் சொன்னார். சபை சிரித்தது. அவர் வேடிக்கைக்காகச் சொல்லவில்லை.

கதவின் ஒரு விளிம்பில் கண்ணுக்குத் தெரியாத ஒளியை உமிழும் சிறு விளக்குகளும், எதிர் விளிம்பில் அதை வாங்கும் கண்களும் மேலிருந்து கீழ்வரை வரிசையாக இருக்கும். நடுவில் எது மறித்தாலும் கதவு தொடாமலே திரும்பிவிடும். சொல்வதற்கு எளிது. முதலில் செய்த கண், ஜன்னல் வெயிலையும் தன் விளக்கு என்றே நம்பியது. ஆள் நடுவில் நின்றபோதும் வெயில் வருகிறதே என்று கதவை மூடிற்று. தலைமைக் கணக்கர் அன்றும் "சாரி" என்றார். அதன்பின் மேடம் விளக்கை ஒரு தாளத்தில் சிமிட்ட வைத்தார். அந்தத் தாளத்தில் வரும் ஒளியை மட்டும் கண் ஏற்கும், மற்றதைத் தள்ளிவிடும். மேலாளர்களுக்கு அவர் இதை விளக்கியபோது நான் அங்கே இருந்தேன்.

"உங்க வீட்டுக் கதவை எத்தனையோ பேர் தட்டுறாங்க. உங்க மகன் தட்டினா உள்ளே இருந்தே தெரியுதா இல்லையா?"

"தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"அவன் தட்டுற விதம்."

"அவ்வளவுதான் சார். காப்புரிமைக்கு மனு போடுங்க."

போட்டார்கள், கிடைத்தது. பிறகு வேறு காப்புரிமைகளும், விருதுகளும், இரண்டு பல்கலைக்கழகங்களின் கௌரவ டாக்டர் பட்டமும் வந்தன. பட்டமளிப்பு அங்கியில் பை வைக்காததைக் கண்டித்து அந்த இரண்டு பல்கலைக்கழகங்களில் ஒன்றுக்குக் கடிதம் எழுதினார். மற்றதற்கு ஏன் எழுதவில்லை என்று கேட்டேன். அதில் பை இருந்ததாம், ஓட்டையாக.

விருதுகளைப் பார்க்க விரும்புகிறவர்கள் அவர் வீட்டுக் கூடத்தில் தேடிப் பயனில்லை, பட்டறை அறைக்குப் போகவேண்டும். வெள்ளிக் கோப்பையில் திருகாணிகள் கிடக்கின்றன. கண்ணாடிக் கோபுரம் ஒன்று கதவு காற்றில் அடிக்காமல் முட்டுக்கொடுத்து நிற்கிறது. பளிங்குக் கேடயம் பசை காயும்வரை பலகைகளை அழுத்தும் எடைக்கல். ஒரு சங்கம் கொடுத்த நினைவுப்பரிசுக் கடிகாரத்தை அன்றே பிரித்துப் பார்த்தார். உள்ளே ஈயப்பற்று சரியில்லை. பற்றவைத்துச் சரிசெய்து, "இப்போது சரியாக ஓடுகிறது, மற்றவர்களுக்குக் கொடுத்ததையும் அனுப்பிவைக்கவும்" என்று சங்கத்துக்கு எழுதினார். ஒன்பது கடிகாரங்கள் வந்து சேர்ந்தன.

அவர் கணவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்து ஓய்வுபெற்றவர். கட்டடத்தில் அவரைக் கண்ணாடிக்காரர் என்போம். மெலிந்த மனிதர், மெதுவான குரல், ஊசி போன்ற பேச்சு. மனைவியின் விருது விழாக்களுக்கு அவர் போனதே இல்லை. கடையை மூட முடியாது என்பது சாக்கு. விழாவுக்கு விழா மேடம் மேடையின் மைக்கைக் கழற்றிப் பார்ப்பதாகக் கேள்விப்பட்டதால் போகவில்லை என்பது உண்மை.

இத்தனை பெருமையும் ஒரு கயிற்றிடம் செல்லாது. இதை முதலில் சொன்னவரும் மேடம்தான். ஒளிக்கதிர்கள் வரிசையாக இருந்தாலும் ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே சிறு இடைவெளி உண்டு. மெல்லிய கயிறு அதில் நுழைந்துகொள்ளும். கண்ணுக்கு அது தெரியாது. ஐந்தாம் மாடிப் பல் டாக்டரிடம் துரை என்று ஒரு குட்டை நாய் உண்டு. ஒரு நாள் டாக்டர் கயிற்றின் ஒரு முனையைப் பிடித்தபடி லிஃப்டுக்குள் போய்விட்டார். மறுமுனையில் இருந்த துரை வெளியே எதையோ முகர்ந்துகொண்டு நின்றது. கதவு மூடியது. லிஃப்ட் மேலே கிளம்பியது. நல்லவேளையாகக் கழுத்துப்பட்டையின் கொக்கி பழையது, பிய்ந்துவிட்டது. டாக்டர் வெறும் கயிற்றோடு ஐந்தாம் மாடியில் இறங்கி அலறினார். துரை கீழே உட்கார்ந்து, தனக்கு எதுவும் சம்பந்தமில்லை என்பதுபோல் காதைச் சொறிந்தது.

மேடம் அன்று முழுவதும் பட்டறையைவிட்டு வெளியே வரவில்லை. அன்றிலிருந்து அவர் மேசையில் செருப்பு நாடா, கம்பளி நூல், பல் இடுக்கில் விடும் நூல், நாய்க்கயிறு என்று தடிமன் வரிசைப்படி தொங்குகின்றன. எதிரே சோதித்துப் பார்க்க ஒரு சிறு மாதிரிக் கதவு. கயிற்றுச் சிக்கல் இன்னும் தீரவில்லை.

"கண்ணைக் கூர்மையாக்கினா ஈ பறந்தாலும் பாக்குது, கதவு மூடவே மாட்டேங்குது. மழுங்கலாக்கினா கயிறு தப்பிக்குது. ஈக்கும் கயித்துக்கும் நடுவுல மாட்டிக்கிட்டேன்."

"எனக்கும் உனக்கும் நடுவுல நாப்பத்தஞ்சு வருஷமா ஒரு லிஃப்ட் மாட்டிக்கிட்டிருக்கு. நான் ஏதாவது சொன்னேனா?" என்றார் கண்ணாடிக்காரர்.

இந்த நிலையில்தான் பெரிய விருது வந்தது. துறையில் அதற்கு மேல் ஒன்று இல்லை. வாழ்நாள் பணிக்குத் தருவது. கண்ணாடிக்காரருக்கு இப்போது கடை என்ற சாக்கு இல்லை. இந்த முறை தானும் வருவதாகச் சொல்லிப் புதுக் காலணி வாங்கி, வீட்டுக்குள் நடந்து நடந்து பழக்கிக்கொண்டிருந்தார். அந்தக் கிறீச் சத்தம் என் மாடிவரை கேட்டது.

பாராட்டுரையின் நகலைப் பார்வைக்கு அனுப்பினார்கள். அதன் கடைசி வரி: "இவர் படைத்த கண்ணுக்கு ஒரு நூலிழையும் தப்பாது." மேடம் அதைப் படித்துவிட்டுத் தொலைபேசியை எடுத்தார்.

"அந்த வரியை எடுங்க."

எடுக்க முடியாது, பித்தளைத் தகட்டில் பொறித்தாகிவிட்டது என்றார்கள்.

"அப்போ நான் வரலை."

கிறீச் சத்தம் நின்றுபோனது.

விருதுக் குழுச் செயலாளர் நேரிலேயே வந்துவிட்டார். நாற்பது வயதிருக்கும். பளபளக்கும் தோல்பை, பளபளக்கும் பேச்சு. எதற்கும் "டெக்னிக்கலா பாத்தா" என்று தொடங்குவார். சாட்சிக்கு ஆள் இருக்கட்டும் என்று மேடம் என்னையும் கூப்பிட்டிருந்தார்.

"மேடம், டெக்னிக்கலா பாத்தா இது ஒரு கவிதை மாதிரி. யாரும் அப்படியே எடுத்துக்க மாட்டாங்க."

"நான் எடுத்துப்பேன் தம்பி. படிக்கிறவங்க எடுத்துப்பாங்க. கண்டுபிடிச்சவளே ஒத்துக்கிட்டு வாங்கிட்டாளேன்னு நினைப்பாங்க. நாளைக்கு ஒருத்தர் கயித்தை அலட்சியமா பிடிப்பார். துரைக்குக் கொக்கி பழசு, தப்பிச்சுது. எல்லா நாய்க்கும் பழைய கொக்கியா இருக்கும்? நாய் விடுங்க, சின்னப் பிள்ளை முதுகுப் பையோட நாடா தொங்குமே?"

"கொஞ்சம் பெரிய மனசு பண்ணும்மா. புதுச் செருப்பு கடிக்கிறதைக்கூடப் பொறுத்துக்கிட்டேன்" என்றார் கண்ணாடிக்காரர். கேலியாகத்தான் சொன்னார். ஆனால் குரல் கேலியாக இல்லை.

மேடம் கணவரைச் சற்று நேரம் பார்த்தார். கணவர் விழாவுக்கு வரவேண்டும் என்ற ஆசை மேடத்துக்கும் இருந்தது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

செயலாளர் அந்தத் தருணத்தை நன்றாகவே பயன்படுத்தினார். தோல்பையைத் திறந்து, வெல்வெட் துணியில் சுற்றிய தகட்டை எடுத்துக் காட்டினார். மேடத்தின் பெயர் பெரிதாக இருந்தது, நடுவே விருதுகளின் வரிசை, கீழே அந்த வரி. "எவ்வளவு அழகா வந்திருக்கு பாருங்க. இதைப் போய் அழிக்கச் சொல்றீங்களே!" என்று மறுபடியும் சுற்றிப் பைக்குள் வைத்தார்.

"அழகாத்தான் இருக்கு. தகடு பைக்குள்ளதானே இருக்கு? சரி, வாங்க. லிஃப்ட்கிட்ட போவோம்" என்றார் மேடம்.

பார்சல் கட்டும் மெல்லிய கயிறு ஒன்றைக் கொண்டுவந்து, ஒரு முனையை லிஃப்டுக்குள் இருந்த கைப்பிடிக் கம்பியில் கட்டினார். கண்ணாடிக்காரர் உள்ளே நின்று ஐந்தாம் மாடிப் பொத்தானை அழுத்தவேண்டும். செயலாளர் வெளியே நிற்கவேண்டும். "நாய் நிக்கிற இடத்துல இருந்து பாருங்க" என்றார். பிறகு கயிற்றின் மறுமுனையைக் கையில் வைத்துக்கொண்டு அங்குமிங்கும் பார்த்தார். "நாய் கனத்துக்கு ஏதாவது வேணுமே."

இதை அழுத்திச் சொல்லவேண்டும். மேடம் பையைக் கேட்கவில்லை. செயலாளர்தான் நீட்டினார். "இதைக் கட்டுங்க மேடம். டெக்னிக்கலா பாத்தா கதவு நின்னுடும். உங்க கண்ணு மேல உங்களுக்கு இல்லாத நம்பிக்கை எனக்கு இருக்கு."

"நிஜமாவா?"

"நிஜமா."

"கட்டிடுறேன்."

கதவு மூடியது. கயிற்றை அது பார்க்கவேயில்லை. லிஃப்ட் கிளம்பிய ஓசை கேட்டது. தரையில் இருந்த தோல்பை மெல்ல நகர்ந்து கதவண்டை போயிற்று. செயலாளர் புன்னகை மாறாமல் பார்த்துக்கொண்டிருந்தார். பை நிமிர்ந்தது. பிறகு சுவரேறும் பல்லியைப்போல், கதவோடு ஒட்டிக்கொண்டு விறுவிறுவென்று மேலே ஏறியது. "ஏய்! ஏய்!" என்று செயலாளர் தாவினார். மேடம் அவர் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்து நிறுத்தினார். பை மேல்சட்டத்தில் மோதி நசுங்கியது. கயிறு பட்டென்று அறுந்தது. பை கீழே விழுந்து பூட்டு வாய்பிளந்தது. வெல்வெட்டிலிருந்து நழுவிய தகடு கல்தரையில் ஒரு மூலையை ஊன்றிக் குதித்து, சுழன்று, மணிபோல் ஓசையிட்டு அடங்கியது.

மூலை மடங்கியிருந்தது. 'தப்பாது' என்ற சொல்லின் குறுக்கே ஒரு நீளமான கீறல்.

"டெக்னிக்கலா..." என்று தொடங்கிய செயலாளர் குனிந்து தகட்டைப் பொறுக்கி எடுத்தார்.

லிஃப்ட் இறங்கிவந்து திறந்தது. கண்ணாடிக்காரர் தலையை மட்டும் நீட்டி, "நாய் பிழைச்சுதா?" என்று கேட்டார்.

தகடு பையில் இருப்பதை உறுதிசெய்துகொண்டுதான் மனைவி லிஃப்டுக்குப் போனதாகக் கண்ணாடிக்காரர் இன்றுவரை குற்றம் சாட்டுகிறார். இரண்டு முறை கேட்டாராம். என் காதில் விழுந்தது ஒருமுறைதான். மற்றதற்கு நான் பொறுப்பல்ல. மேடத்திடமே விசாரித்தேன். "தொலைஞ்சிடக் கூடாதேன்னு கேட்டேன். இப்ப அக்கறைகூடத் தப்பா?" என்றார்.

எப்படியும் புதுத் தகடு பொறிக்கவேண்டியதாயிற்று. அந்த வரியை எடுத்துவிடக் குழு ஒப்புக்கொண்டது. மேடம் அதோடு விடவில்லை. அந்த இடத்தில் வேறொரு வரி வேண்டும் என்றார்: "மெல்லிய கயிறு இந்தக் கண்ணுக்குத் தெரியாது. நாயைத் தூக்கிக்கொள்ளவும்." குழுத் தலைவர் தொலைபேசியிலேயே மூச்சுத் திணறினார் என்பது கேள்விப்பட்டது. விருதுத் தகட்டில் குறையை எழுதுவது உலகத்தில் எங்கேயும் இல்லாத வழக்கம் என்றாராம். "புதுசா ஒண்ணு கண்டுபிடிச்சதுக்குத்தானே விருது?" என்றாராம் மேடம். கடைசியில் ஓர் உடன்பாடு வந்தது. வரி இருக்கும். ஆனால் பொறிப்பவரிடம் இருப்பதிலேயே சிறிய எழுத்தில் இருக்கும்.

விழாவுக்கு நானும் போயிருந்தேன். கண்ணாடிக்காரர் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். மேடம் மைக்கைத் தொடவில்லை, ஒரே ஒருமுறை தட்டிப் பார்த்ததைத் தவிர. தகட்டை வாங்கியதும் மேலிருந்து கீழ்வரை படித்தார். சபை காத்திருந்தது. அடிப்பகுதிக்கு வந்ததும் தகட்டை மூக்கருகே கொண்டுபோனார், விலக்கினார், விளக்குப் பக்கம் திருப்பினார். பிறகு மைக்கில், "கடைசி வரி இருக்குன்னு நம்புறேன். வீட்டுல போய்ப் பாத்துட்டுச் சொல்றேன். நன்றி" என்றார். அவர் நிகழ்த்திய ஏற்புரை அவ்வளவுதான். செயலாளர் கைதட்டலைத் தொடங்கிவைத்தார்.

இந்தத் தகட்டுக்குப் பட்டறையில் எந்த வேலையும் கொடுக்கப்படவில்லை. மறுநாளே மேடம் முக்காலியும் திருப்புளியுமாக வந்து, லிஃப்டின் உட்சுவரில், பொத்தான்களுக்குப் பக்கத்தில் அதைத் திருகினார். கட்டடத்தார் எல்லாரும் பார்க்கட்டும் என்ற பெருமை என்று நாலாம் மாடி ஆசிரியை நினைத்துப் பாராட்டினார். பல் டாக்டர் துரையோடு வந்தார். பெயரைப் படித்தார், விருதுகளைப் படித்தார், கீழே குனிந்தார்.

"கடைசில எறும்பு ஊர்ந்த மாதிரி ஏதோ இருக்கே மேடம். என்ன அது?"

"உங்களுக்குத்தான் டாக்டர் அது. படிங்க."

"தெரியலையே. என்ன, பொறிச்சவர் கையெழுத்தா?"

மேடத்தின் முகம் வாடிவிட்டது. அத்தனை பாடுபட்டு வாங்கிய வரி, படிக்கவேண்டிய ஆளுக்கே தெரியவில்லை.

கண்ணாடிக்காரர் வீட்டுக்குள் போனார். பழைய கடைச் சரக்கிலிருந்து, எழுத்தைப் பெரிதாக்கும் நீளமான வில்லை ஒன்றைக் கொண்டுவந்தார். புதுக் காலணி கிறீச்சிட லிஃப்டுக்குள் மண்டியிட்டு, அந்தக் கடைசி வரியின் மேல் அதை வைத்து, முன்னே பின்னே நகர்த்தி, சரியான தூரம் கிடைத்ததும் நாலு மூலையிலும் பசை வைத்து ஒட்டினார். எறும்புகள் எழுத்துகளாயின. பல் டாக்டர் உரக்கப் படித்தார்: "மெல்லிய கயிறு... நாயைத் தூக்கிக்கொள்ளவும்." படித்துவிட்டுக் குனிந்து துரையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார்.

"எழுந்திரிங்க. முட்டி வலிக்கப் போகுது" என்றார் மேடம் கணவரிடம்.

"பாத்துச் சொல்லு, கோணலா இல்லையே?"

மேடம் நெருங்கிப் பார்த்தார். தகடு முழுக்க விரல் தடங்கள். அவர் பெயரின்மேல் பசையில் தோய்ந்த ஒரு கட்டைவிரல் அச்சு அப்படியே பதிந்திருந்தது. கைக்குட்டையை எடுத்து, வாயால் ஊதி, வில்லையை மட்டும் ஓரம்வரை பளிச்சென்று துடைத்தார். கைக்குட்டையை மடித்து இடுப்பில் செருகி, முக்காலியை எடுத்துக்கொண்டு லிஃப்டைவிட்டு இறங்கிப் போனார்.